நல்ல தண்ணி எது? மதுரையின் குடிநீர்க் கதை



நம் ஊரில் யாரும் வெறுமனே "தண்ணி" என்று சொல்லிவிட்டு நிறுத்துவதில்லை. நல்ல தண்ணி, உப்புத் தண்ணி, குழாய்த் தண்ணி, லாரித் தண்ணி, போர்த் தண்ணி, இப்போது கேன் தண்ணி. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் "கொஞ்சம் தண்ணி பிடிச்சு வைங்க" என்று சொல்லிப் பாருங்கள். "எந்தத் தண்ணி?" என்று கேட்ட பிறகுதான் குடத்தைத் தொடுவார்.

நம் வளாகத்திலும் வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு. சிலர் கேன் வாங்குகிறோம், சிலர் ஆர்.ஓ. வைத்திருக்கிறோம், சில பெரியவர்கள் மாநகராட்சித் தண்ணீரைக் காய்ச்சி, மண்பானையில் ஊற்றிக் குடிக்கிறார்கள். கோடை வந்தால் எது சரி என்று வாட்ஸ்அப் குழுவில் சண்டை கிளம்பும். இரண்டு நாள் சூடாக நடந்து, யாராவது திருமணப் பத்திரிகை போட்டதும் அடங்கிவிடும். ஆனால் இது நூறு ஆண்டுகளுக்கும் மேல் வயதான கேள்வி. எது நல்ல தண்ணி என்பதில் மதுரைக்காரர்கள் ஏற்கெனவே ஓரிரு முறை மனம் மாறியிருக்கிறார்கள். ஏன் மாறினார்கள் என்று தெரிந்துகொண்டால், நாம் எந்தத் தண்ணீரைப் பற்றிச் சண்டை போடுகிறோம் என்பதாவது தெளிவாகும்.

மதுரையின் தண்ணீர்க் கதை ஒரு கல்யாண விருந்தில் தொடங்குகிறது. மீனாட்சி கல்யாணத்தில் சமைத்தது மிஞ்சிப்போனதாகவும், சிவன் குண்டோதரன் என்ற பூதத்தைப் பந்தியில் உட்கார வைத்ததாகவும் திருவிளையாடல் புராணம் சொல்கிறது. அவன் மலைபோல் குவிந்த சோற்றைத் தீர்த்தான். பிறகு தாகம். கிணறு, குளம் எல்லாம் வற்றியும் தாகம் அடங்கவில்லை. "கையை வை" என்று இறைவன் சொல்ல, அந்த இடத்தில் ஊறி வந்ததுதான் வைகை என்பார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அதே மதுரையில் இன்று எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் இலைக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு குட்டிப் பாட்டில் நிற்கிறது. பாதி குடித்த பாட்டில்கள் பந்தி முடிந்ததும் இலையோடு சேர்ந்து போகின்றன.

புராணத்தை விட்டு வரலாற்றுக்கு வருவோம். வைகை வருசநாட்டு மலையில் பிறந்து சுமார் 258 கிலோமீட்டர் ஓடும் ஆறு. காவிரியைப் போல நாள்பட ஓடுவதில்லை. மழைக்குப் பொங்கும், மற்ற மாதங்களில் மணலாகக் கிடக்கும். அதனால் மதுரையில் ஆற்றை நேரடியாக நம்பிக் குடித்தவர்களைவிட, ஆறு நிரப்பும் குளங்களையும் கிணறுகளையும் நம்பிக் குடித்தவர்களே அதிகம். திருமலை நாயக்கர் காலத்து வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு வைகையிலிருந்து தண்ணீர் வரும் வழி இருந்தது. டவுன்ஹால் ரோட்டில் கடைகளுக்கு நடுவே மறைந்து கிடக்கும் பெருமாள் தெப்பக்குளமும், இன்று சாக்கடையாகிப்போன கிருதுமால் நதியும் ஒரு காலத்தில் ஊருக்குள் நீர் நின்ற, ஓடிய இடங்கள். மீனாட்சி கோயிலுக்கு எதிரே ஏழுகடல் தெரு இருக்கிறது. அந்தப் பெயருக்குக் காரணமான குளத்தின் மேல் வணிக வளாகம் நிற்கிறது.

குளமும் கிணறும் சரியாக இருந்த வரை சரி. மக்கள் பெருகியபோது அவையே நோய்க்கும் வழியாயின. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை, திண்டுக்கல் பகுதிகளைக் கடுமையான காய்ச்சல் உலுக்கியது. கோட்டையைச் சுற்றித் தேங்கிய அகழியும் அதற்குக் காரணம் என்று அன்றைய வெள்ளை அதிகாரிகள் நினைத்தார்கள். பின்னர் கலெக்டராக வந்த பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடிக்கவும் அகழியை மூடவும் ஏற்பாடு செய்தார். நாம் வெளிவீதி என்று சொல்வது அப்படிப் பிறந்த தெருதான். மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்ற பெயர்கள் அந்த வேலையில் இருந்த இருவருடையவை. விளக்குத்தூண் பிளாக்பர்னுக்கு நன்றி சொல்ல வைத்தது. புடவை எடுக்கப் போகும்போது நிமிர்ந்து பாருங்கள்.

அகழி போனாலும் காலரா போகவில்லை. திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் யாத்ரீகர்கள் கூடும் ஊர் இது. ஒரே குளத்தில் குளித்து, துவைத்து, குடித்தால் என்ன ஆகும் என்பது இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அன்று டாக்டர்களுக்கே தெரியாது. கெட்ட காற்றால் காலரா வருகிறது என்றுதான் உலகம் நம்பியது. 1854-ல் லண்டனில் ஜான் ஸ்னோ என்ற டாக்டர், பிராட் தெருவில் ஒரு அடிபம்பைச் சுற்றியே சாவுகள் குவிந்திருப்பதைத் தெருவாரியாகக் கணக்கெடுத்துக் காட்டினார். அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றச் சொன்னார். தண்ணீர்தான் வழி என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்ள இன்னும் பல ஆண்டுகள் ஆயின. தெளிந்த தண்ணீர் வேறு, நல்ல தண்ணீர் வேறு என்ற பாடம் அங்கேதான் தொடங்குகிறது. பிராட் தெருத் தண்ணீர் பார்க்கத் தெளிவாகவும் குடிக்கச் சுவையாகவும்தான் இருந்ததாம்.

இங்கே மதுரைக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம் பெரியாறு. மேற்கே கேரளக் கடலில் போய் விழும் அந்த ஆற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை ஆங்கிலேயருடையது அல்ல. 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பிப் பார்த்திருக்கிறார். செலவு தாங்காது என்று விட்டுவிட்டார். 1808-ல் கேப்டன் கால்டுவெல் பார்த்துவிட்டு, இது நடக்காத காரியம் என்று எழுதினார். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம்தான் அரசாங்கத்தின் மனதை மாற்றியது. 1886 அக்டோபரில் திருவிதாங்கூருடன் குத்தகை ஒப்பந்தம் ஆயிற்று. 999 ஆண்டுக் குத்தகை, ஏக்கருக்கு 5 ரூபாய். (இத்தனை நீண்ட தவணையை எந்த வங்கியும் கொடுத்து நான் பார்த்ததில்லை.) கர்னல் பென்னிகுக் தலைமையில் 1887-ல் வேலை தொடங்கியது. காடு, வெள்ளம், மலேரியா. தொடக்கத்தில் கட்டியதை ஆறு அடித்துக்கொண்டு போனது. நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் நோயில் இறந்தார்கள். 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் அணையைத் திறந்து வைத்தார். மலையைக் குடைந்த சுரங்கம் ஒரு மைலுக்குச் சற்று மேல். அதன் வழியே விழும் நீர் சுருளியாற்றில் சேர்ந்து, வைகைக்கு வருகிறது.

பென்னிகுக் கட்டியது வயலுக்கு. மேலூர், திருமங்கலம் பக்கம் நெல் விளைய. ஆனால் நாம் காலையில் காபி போடும் தண்ணீரும் அதே ஓட்டத்தில்தான் வருகிறது. ஜனவரி 15-ல் தேனிப் பக்கம் அவர் படத்துக்குப் பொங்கல் வைக்கிறார்கள். குடிக்கிற நாமும் ஒரு பிடி அரிசி போடலாம்.

அதே காலத்தில்தான் மதுரை நகராட்சியும் குழாய்த் தண்ணீருக்கு வந்தது. 1866-ல் பிறந்த நகராட்சி அது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அரப்பாளையத்தில் வைகை மணலையே வடிகட்டியாக வைத்து வேலை செய்தார்கள். முறை எளிமையானது. ஆற்றில் மேலே தண்ணீர் ஓடாவிட்டாலும் மணலுக்கு அடியில் ஊற்று ஓடும். அங்கே துளையிட்ட குழாய்களைப் பதித்தால், பல அடி மணலில் வடிந்த நீர் அவற்றில் ஊறிவந்து கிணற்றில் சேரும். அதை இறைத்து மேல்தொட்டிக்கு ஏற்றி, குழாயில் விட வேண்டியதுதான். பின்னாளில் கோச்சடை, மேலக்கால், மணலூர் என்று ஆற்றின் நெடுகிலும் இதே ஏற்பாடு வந்தது. அரப்பாளையத்தில் இன்னொரு விசேஷம்: பிட்டுக்கு மண் சுமந்த திருவிழா ஆவணியில் நடப்பது பக்கத்துப் புட்டுத்தோப்பில்தான். வைகையின் வெள்ளத்தைக் கதையாக வைத்துக் கொண்டாடும் இடத்துக்கு அருகிலேயே, வறண்ட வைகையிலிருந்து தண்ணீர் எடுக்கவும் கற்றுக்கொண்டோம்.

குழாய்த் தண்ணீரை எல்லோரும் கைதட்டி வரவேற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். கல்கத்தாவில் 1870-ல் வடிகட்டிய குழாய் நீர் வந்தபோது, யார் கை பட்டதோ, வழியில் என்ன தோல் வாஷரோ என்று ஆசாரக்காரர்கள் தயங்கினார்கள். கிணற்றுத் தண்ணீர்தான் சுத்தம், குழாய் சந்தேகம். இன்று கேன்தான் சுத்தம், குழாய் சந்தேகம் என்கிறோம். சந்தேகப்படும் பொருள் மாறவில்லை, காரணம்தான் மாறியிருக்கிறது.

ஆனால் குழாய் செய்த ஒரு காரியத்தைக் கிணறு செய்யவில்லை. கிணற்றுக்கும் குளத்துக்கும் சாதி இருந்தது. மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் பொதுக் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்க, 1927 மார்ச்சில் அம்பேத்கர் ஊர்வலமே நடத்த வேண்டியிருந்தது. குழாயின் வழித்தடம் ஆள் பார்ப்பதில்லை. ஒரே தொட்டி, ஒரே மெயின். மாசி வீதி வீட்டுக்கும் ஆற்றங்கரைக் குடிசைக்கும் அதே தண்ணீர். அது கெட்டால் இரு பக்கமும் சத்தம் போடும். படித்தவனும் மனு எழுதுவான், குடம் தூக்கியவளும் மறியல் செய்வாள். குழாய்த் தண்ணீரின் தரத்தைக் காப்பாற்றியதில் குளோரினுக்கு உள்ள பங்கு இந்தச் சத்தத்துக்கும் உண்டு என்பது என் எண்ணம்.

குளோரின் பற்றி ஒரு வார்த்தை. 1908-ல் அமெரிக்காவில் ஜெர்சி சிட்டி ஊர் முழுவதற்குமான குடிநீரில் தொடர்ந்து குளோரின் சேர்க்கத் தொடங்கியது. டைபாய்டையும் காலராவையும் நகரங்களிலிருந்து விரட்டியதில் அதற்குப் பெரும் பங்கு. "மருந்து வாடை அடிக்குது" என்று நம் வளாகத்தில் புகார் வரும் நாட்களில் நான் நிம்மதியாகக் குடிப்பேன். இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500) குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். வாடை என்பது காவல்காரன் விழித்திருக்கிறான் என்பதற்கு அடையாளம்.

அப்படியானால் குழாய் எங்கே பெயரைக் கெடுத்துக்கொண்டது?

1959 ஜனவரியில் ஆண்டிபட்டி அருகே வைகை அணையை காமராஜர் திறந்து வைத்தார். 1971-ல் மதுரை மாநகராட்சி ஆயிற்று. ஊர் வீங்கியது. வைகையில் மணல் அள்ள அள்ள, மணலுக்கடியில் ஊறும் நீரும் குறைந்தது. 1990-களில் அணையிலிருந்தே குழாய் போட்டு, பண்ணைப்பட்டியில் சுத்திகரித்து மதுரைக்குக் கொண்டுவரும் திட்டம் வந்தது. பிறகு இரண்டாவது திட்டம். இப்போது லோயர் கேம்ப்பிலிருந்து நாளொன்றுக்கு 125 மில்லியன் லிட்டர் கொண்டுவரும் முல்லைப் பெரியாறு திட்டம். சுமார் 1,300 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். ஆற்றில் விட்டால் வழியில் குறையும், குழாயில் வந்தால் முழுதாக வரும் என்பது கணக்கு. கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்கள் பயத்திலும் நியாயம் உண்டு, அவர்கள் வாய்க்காலின் தலைமடையில்தானே நாம் கை வைக்கிறோம். (நடுவில் 2017-ல் அணையில் தெர்மாகோல் மிதக்கவிட்ட கதையும் உண்டு. அதை நீங்களே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொள்ளுங்கள்.)

இத்தனை திட்டம் வந்தும் தண்ணீர் நாள் முழுக்க வரவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில காலங்களில் அதற்கும் மேல். சிக்கல் அங்கேதான். குழாயில் எப்போதும் அழுத்தத்தோடு தண்ணீர் நின்றால், ஓட்டை இருந்தாலும் தண்ணீர் வெளியே கசியும், அழுக்கு உள்ளே வராது. குழாய் காலியாகக் கிடக்கும் நேரத்தில்தான் பக்கத்துச் சாக்கடை அதே ஓட்டை வழியே உள்ளே வருகிறது. அழுத்தம் குறைந்த தெருக்களில் வாசலில் பள்ளம் தோண்டி, படிக்கட்டு வெட்டி, அடியில் அடிபம்பு வைத்துத் தண்ணீர் அடித்ததை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சினார்கள். உறிஞ்சும்போது ஓட்டை வழியே எது கிடைத்தாலும் உறிஞ்சும். பண்ணைப்பட்டியில் சுத்தமாகப் புறப்பட்ட நீர் கடைசி நூறு அடியில் கெடுகிறது. பழி மட்டும் வைகைக்கு.

இந்த இடைவெளியில்தான் பாட்டில் நுழைந்தது. இத்தாலிப் பெயரான பிஸ்லெரி 1965-ல் பம்பாய்ப் பக்கம் தாணேயில் தொடங்கியது. கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர். நட்சத்திர ஓட்டலுக்கும் வெளிநாட்டுக்காரருக்கும் மட்டும். 1969-ல் பார்லே நிறுவனம் அதை 4 லட்ச ரூபாய்க்கு வாங்கியது. தண்ணீரைக் காசுக்கு விற்பதா என்று சிரித்த காலம் அது. கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைப்பது புண்ணியம் என்று வளர்ந்த நமக்கு வேறு எப்படித் தோன்றும்? பிளாஸ்டிக் பாட்டில் வந்ததும் கதை மாறியது. ரயில் பயணம், ஆஸ்பத்திரி, பிறகு பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் பாக்கெட். (பாக்கெட்டை 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை செய்தார்கள். பாட்டில் தப்பித்துக்கொண்டது.) 2013 செப்டம்பரில் அரசே அம்மா குடிநீரை லிட்டர் 10 ரூபாய்க்கு விற்க ஆரம்பித்தது. விலை மலிவு என்று வரவேற்றோம். அரசு தண்ணீர் விற்கிறது என்பது அதற்குள் நமக்குப் பழகியிருந்தது.

நான் வங்கியில் சேர்ந்த புதிதில் கிளையில் ஒரு மண்பானையும் சங்கிலி கட்டிய டம்ளரும் இருந்தன. ஓய்வு பெறும்போது அதே மூலையில் கவிழ்த்துவைத்த கேன் நின்றது. இரண்டுக்கும் நடுவில், குடிநீர் ஆலை வைக்கக் கடன் கேட்டு வந்த திட்ட அறிக்கைகள் சிலவற்றைக் கோப்பில் சேர்த்திருக்கிறேன். பி.காம். படித்தவன் கண் முதலில் மூலப்பொருள் செலவுக்குத்தான் போகும். அங்கே ஆழ்துளைக் கிணறு, மோட்டார், மின்சாரம், வடிகட்டி, காலி கேன், வண்டி எல்லாம் இருந்தன. தண்ணீருக்கென்று ஒரு ரூபாய்கூட இல்லை. நாம் கேனுக்குக் கொடுக்கும் காசு பிளாஸ்டிக்குக்கும் டீசலுக்கும் மின்சாரத்துக்கும் போகிறது. உள்ளே இருப்பது சுற்றுப்புறக் கிராமத்தின் நிலத்தடி நீர்.

இதுவும் வழக்காக நம் ஊருக்கு வந்திருக்கிறது. சிவகங்கைப் பக்கம் படமாத்தூரில் குளிர்பான ஆலை வரப்போகிறது என்றபோது 2003-ல் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். தாமிரபரணித் தண்ணீரை கங்கைகொண்டான் சிப்காட்டில் உள்ள குளிர்பான ஆலைகளுக்கு ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசுக்குக் கொடுப்பதை எதிர்த்த மனுக்களை மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் விசாரித்தது. 2016 நவம்பரில் இடைக்காலத் தடை, 2017 மார்ச்சில் மனுக்கள் தள்ளுபடி. அந்த நீதிமன்றம் இருக்கும் இடத்தின் பெயர் உலகனேரி. ஏரி பெயரில் மிஞ்சியிருக்கிறது. 2020-ல் உரிமம் இல்லாமல் நிலத்தடி நீர் எடுக்கும் கேன் ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது உற்பத்தியாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், பல வீடுகள் திண்டாடியதும் நினைவிருக்கும். குழாயை விட்டுவிட்டு ஒரே வழியை நம்பினால் அப்படித்தான்.

கேன் தண்ணீர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஒழுங்கான ஆலையிலிருந்து சீல் உடையாமல் வந்தால் நல்ல தண்ணீர்தான். 'மினரல் வாட்டர்' என்று நாம் சொல்வது மட்டும் தவறு. இயற்கை மினரல் வாட்டருக்குத் தனித் தரம் (ஐ.எஸ். 13428). நம் வீட்டுக்கு வருவது 'பேக்கேஜ்டு டிரிங்கிங் வாட்டர்' (ஐ.எஸ். 14543). அதில் இருக்கும் உப்பைப் பெரும்பாலும் எடுத்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். 2003-ல் டெல்லியைச் சேர்ந்த சி.எஸ்.இ. என்ற அமைப்பு, டெல்லி, மும்பைப் பகுதிகளில் விற்ற பிரபல பாட்டில்களைச் சோதித்துப் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாகச் சொன்னது. அதன் பிறகே தரம் இறுக்கப்பட்டது. மூலத் தண்ணீர் நிலத்தடியிலிருந்து வந்தால், நிலத்தில் தெளித்ததும் கூடவே வரும். 2024-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாட்டில் நீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்து, ஆண்டுதோறும் ஆய்வு வேண்டும் என்றது.

இனி நம் கணக்கு. நால்வர் குடும்பத்துக்கு இரண்டு நாளைக்கு ஒரு கேன், விலை 40 ரூபாய் என்று வையுங்கள். மாதம் 600, வருடம் 7,200. நம்மைப் போல 60 வீடு என்றால் வருடத்துக்கு 4,32,000 ரூபாய். இது சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் வராது, ஆளாளுக்குச் சட்டைப் பையிலிருந்து போவதால் கண்ணில் படுவதில்லை. ஆனால் இதில் சிறு பங்கைத் தரைத்தளத் தொட்டிக்குச் செலவிடலாமா என்று கேட்டால் பொதுக்குழுவில் இரண்டு மணி நேரம் பேசுவோம்.

ஏன் தொட்டி? நம் சம்ப்பில் மூன்று தண்ணீர் சேர்கிறது: மாநகராட்சி, போர், பற்றாத நாளில் லாரி. உப்புக் குறைந்த பெரியாற்று நீரை உப்புப் போர் நீரோடு கலந்துவிட்டு, பிறகு உப்பை எடுக்க வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. வைத்திருக்கிறோம். அது ஒரு குடம் கொடுக்க இரண்டு மூன்று குடம் சாக்கடையில் விடும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழ் உள்ள இடங்களில் ஆர்.ஓ. வேண்டாம் என்று 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. கலக்காத மாநகராட்சித் தண்ணீருக்கு அது தேவைப்படுமா என்பதை ஒரே ஒரு சோதனை சொல்லிவிடும்.

விற்பனைப் பையன் வந்து இரண்டு கம்பியைக் குழாய்த் தண்ணீரில் விட்டு அதைப் பழுப்பாக்கிக் காட்டினால் பயப்பட வேண்டாம். தண்ணீரில் கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்துகிறது, கம்பியின் இரும்பு துருவாக வெளிவருகிறது. அவன் காட்டும் ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் அதுவும் பழுப்பாகும். டி.டி.எஸ். மீட்டரும் உப்பைத்தான் அளக்கும், கிருமியை அளக்காது. கிருமிக்கு வேறு சோதனை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் மதுரையிலும் உண்டு. கட்டணம் கட்டினால் உப்பு, ஃபுளோரைடு, கிருமி எல்லாம் சோதித்து எழுத்தில் கொடுப்பார்கள். கிருமிச் சோதனைக்கு நம் வீட்டுப் பாட்டில் ஆகாது, அவர்கள் கொடுக்கும் சுத்திகரித்த பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும்.

நான் குழாய்ப் பக்கம் என்பது இதற்குள் தெரிந்திருக்கும். காரணம் சிக்கனம் மட்டுமல்ல. நம்மைப் போல மனு எழுதத் தெரிந்தவர்கள் எல்லாம் கேனுக்குப் போய்விட்டதால், குழாய்த் தண்ணீர் கலங்கி வந்தால் இப்போது நம் வளாகத்திலிருந்து ஒரு போன்கூடப் போவதில்லை. காம்பவுண்டுக்கு வெளியே, நம் வீடுகளுக்கு வேலைக்கு வருகிறவர்கள் அதே மெயினில்தான் பிடித்துக் குடிக்கிறார்கள். அவர்கள் குரல் தனியாக எவ்வளவு தூரம் போகும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆகவே செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாநகராட்சித் தண்ணீருக்குத் தனித் தொட்டி, அதிலிருந்து சமையலறைக்கு ஒரே ஒரு குழாய். தொட்டி மூடியைத் தரைமட்டத்திலிருந்து அரையடி உயர்த்த வேண்டும், இப்போது கார் கழுவும் தண்ணீர் அதன் மேல்தான் ஓடுகிறது. கழுவிய தேதியையும் சோதனை முடிவையும் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். அதுவரை குழாய்த் தண்ணீரைக் கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் விட்டு இறக்கிக் குடிக்கலாம். கேன் வாங்குகிறவர்கள் சீல், தயாரித்த தேதி, 14 இலக்க உரிம எண் மூன்றையும் பார்த்து வாங்குங்கள், கேனை வெயிலில் வைக்காதீர்கள்.

வருகிற ஞாயிறு காலை 7 மணிக்கு சம்ப் மூடியைத் திறந்து பார்க்கப் போகிறோம். விருப்பமுள்ளவர்கள் கீழே வரலாம். டார்ச் நான் கொண்டுவருகிறேன்.